தள்ளிப்போனது மீட்டிங்தான், க்ளையன்ட் இல்லை

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழியில். ஆங்கிலத்தில் மெயில் எழுத ஓரளவு வரும். ஆனால் வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து அர்த்தத்தையே மாற்றும் இந்த ஃப்ரேசல் வெர்ப் விஷயத்தில் அடிக்கடி சறுக்குகிறேன். போன வாரம் ஒரு க்ளையன்டுடன் நடக்கவிருந்த மீட்டிங் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போனது. குழுவுக்கு "த க்ளையன்ட் இஸ் புட் ஆஃப்" என்று மெசேஜ் போட்டேன். மேலாளர் உடனே போன் செய்து, "என்ன ஆச்சு, அவங்களுக்கு எது பிடிக்கலை?" என்று பதறிவிட்டார். அதற்கு முன்பு ஒரு முறை "ப்ளீஸ் புட் ஆஃப் இட்" என்று எழுதியதைப் பக்கத்து இருக்கைக்காரர் "புட் இட் ஆஃப்" என்று திருத்தினார். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் சொல்வாங்க" என்கிறார். இதற்கு விதி ஏதாவது உண்டா? ஐந்நூறு ஃப்ரேசல் வெர்ப் அடங்கிய பட்டியல் ஒன்று கைவசம் இருக்கிறது. அதை மனப்பாடம் செய்யலாமா? இல்லை, பேசாமல் எல்லா இடத்திலும் "போஸ்ட்போன்" என்றே எழுதிவிட்டுப் போகட்டுமா?

பதில்: உங்கள் மேலாளர் பதறியதில் தப்பில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த யார் அந்த மெசேஜைப் படித்தாலும், க்ளையன்ட் ஏதோ ஒன்றைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார், நம்மோடு வேலை செய்கிற ஆர்வமே அவருக்குப் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஸ்பெல்லிங் சரி, வாக்கிய அமைப்பும் சரி. சொல்லிய சேதிதான் வேறாகப் போய்விட்டது. ஸ்பெல்லிங் தப்பென்றால் படிப்பவரே மனதுக்குள் திருத்திக்கொள்வார். இந்த மாதிரித் தப்பில் அவருக்குச் சந்தேகமே வராது, அதனால்தான் இது கொஞ்சம் ஆபத்தானது.

உங்கள் பட்டியலில் இந்த வினை எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். இடது பக்கம் "புட் ஆஃப்", வலது பக்கம் "தள்ளிப்போடு, ஒத்திவை". அவ்வளவுதான். அதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. இந்த வினைக்கு நடுவில் ஒரு காலி இடம் இருக்கிறது. "புட்", பிறகு ஒரு இடைவெளி, பிறகு "ஆஃப்". அந்த இடைவெளியில் யார் அல்லது எது வந்து உட்காருகிறதோ அதுதான் அர்த்தத்தை முடிவு செய்கிறது. நீங்கள் மாட்டிக்கொண்ட இரண்டு இடமும் இந்த இடைவெளி சம்பந்தப்பட்டதுதான்.

இடைவெளியில் ஒரு நிகழ்ச்சியோ வேலையோ வந்தால், தள்ளிப்போடுவது. "வீ புட் த மீட்டிங் ஆஃப்." மீட்டிங், தேர்வு, பயணம், கல்யாணம், முடிவெடுப்பது, எதுவாகவும் இருக்கலாம். இதில் குழப்பமே இல்லை.

அங்கே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் கதை மாறுகிறது. "ஹிஸ் டோன் புட் மீ ஆஃப்" என்றால், அவர் பேசிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் மேற்கொண்டு அவரிடம் போக மனசு வரவில்லை. "த ப்ரைஸ் புட் மெனி பையர்ஸ் ஆஃப்" என்றால், விலையைக் கேட்டே வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இதையே செயப்பாட்டு வினையாகத் திருப்பினால் "மெனி பையர்ஸ் வேர் புட் ஆஃப் பை த ப்ரைஸ்". உங்கள் "த க்ளையன்ட் இஸ் புட் ஆஃப்" அச்சு அசலாக இந்த வார்ப்பில்தான் விழுந்திருக்கிறது. "பை" என்று காரணத்தை நீங்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் காரணத்தைத்தான் மேலாளர் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்!

ஆளை வைத்தே இன்னும் இரண்டு அர்த்தம் உண்டு. பணம் தர வேண்டியவர் ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார் என்றால் "ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்". நம் பேச்சில் இழுத்தடிக்கிறார் என்போமே, அதுதான். மற்றது கவனத்தைக் கலைப்பது. ஒருவர் பந்தை அடிக்கப் போகும் நேரத்தில் பக்கத்தில் நின்று கத்தினால் "டோன்ட் புட் மீ ஆஃப்" என்பார். இது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில்தான் அதிகம். அலுவலக மெயிலில் உங்களுக்கு இது வர வாய்ப்புக் குறைவு, காதில் விழுந்தால் புரிந்துகொண்டால் போதும்.

ஆளுக்குப் பின்னால் இன்னொரு பொருளும் ஒட்டிக்கொள்ளலாம். "தட் டீச்சர் புட் மீ ஆஃப் மேத்ஸ்." அந்த ஆசிரியரால் எனக்குக் கணக்கே வேப்பங்காயாகிவிட்டது. இந்த அர்த்தத்திலிருந்துதான் "ஆஃப்-புட்டிங்" என்ற அடைமொழி வருகிறது. மனதை விலக வைக்கிற, ஒட்டாத என்ற பொருள். கவனியுங்கள், அதற்குத் தள்ளிப்போடுவதோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அடிக்கடி வேலையைத் தள்ளிப்போடும் ஒருவரை "ஆஃப்-புட்டிங்" என்று வர்ணித்தால், அவரைப் பார்த்தாலே பிடிக்கவில்லை என்று சொன்னதாகிவிடும்.

சரி, நீங்கள் ஏன் "இஸ் புட் ஆஃப்" என்று எழுதினீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் தமிழ்தான் காரணம். நம்மிடம் இரண்டு வினை இருக்கிறது. ஒருவர் வேண்டுமென்று செய்தால் தள்ளிப்போட்டார். தானாக நடந்த மாதிரிச் சொல்ல வேண்டுமென்றால் தள்ளிப்போனது. யார் செய்தார் என்ற பேச்சே எடுக்காமல் "மீட்டிங் தள்ளிப்போச்சு சார்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம், மிகவும் வசதி. "புட் ஆஃப்" என்பதற்கு அந்த இரண்டாவது முகம் இல்லை. அது எப்போதும் தள்ளிப்போட்டதுதான், தானாகத் தள்ளிப்போகாது. அதனால் "த மீட்டிங் புட் ஆஃப் டு மண்டே" என்று எழுதினால் மீட்டிங் வேறு எதையோ தள்ளிப்போட்டது போல ஆகி, வாக்கியம் பாதியில் நிற்கும். தமிழ் பேசுபவர்கள் எழுதும் மெயில்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். உங்கள் வாக்கியத்தில் "இஸ்" போட்டு ஒரு படி தப்பித்தீர்கள், ஆனால் மீட்டிங் இருக்க வேண்டிய இடத்தில் க்ளையன்டை உட்கார வைத்துவிட்டீர்கள்.

தள்ளிப்போனது என்று சொல்ல ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைதான் வழி. "த மீட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப்." இது எழுத்துக்கும் பேச்சுக்கும் பொருந்தும். பேச்சில் இன்னும் இயல்பாக வேண்டுமென்றால் "த மீட்டிங் காட் புட் ஆஃப்". நம் "தள்ளிப்போச்சு"-க்கு மிக நெருங்கிய தொனி இதற்குத்தான், ஆனால் மெயிலில் வேண்டாம். "இஸ் புட் ஆஃப்" என்பதையும் இந்த இடத்தில் தவிர்க்கச் சொல்வேன். இப்போதுதான் வந்த புதிய தகவல் என்றால் "ஹாஸ் பீன்" வேண்டும். "புட்" என்பதற்கு இறந்தகால வடிவமும் "புட்"தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் எழுதும்போது "ஆஃப்" என்பதில் இரண்டு எஃப். ஒரு எஃப் விட்டுப்போனால் அது வேறு சொல், உச்சரிப்பும் வேறு. ஸ்பெல்லிங் திருத்தும் மென்பொருள் பல நேரம் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

இப்போது "புட் இட் ஆஃப்". விதி உண்டு. உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது சரி, காரணம்தான் அவருக்குத் தெரியவில்லை.

பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம். "புட் த மீட்டிங் ஆஃப்", "புட் ஆஃப் த மீட்டிங்", இரண்டும் சரி, அர்த்தத்தில் வித்தியாசமில்லை. ஆனால் "இட்", "தெம்", "ஹிம்", "மீ" மாதிரி பிரதிப்பெயர் வந்தால் நடுவில் மட்டும்தான். "புட் ஆஃப் இட்" என்று யாரும் சொல்வதில்லை.

ஏன்? ஆங்கில வாக்கியத்தில் கடைசி இடம் கனமான இடம். புதிய தகவல், அழுத்தம் விழ வேண்டிய தகவல் அங்கே வந்து உட்கார விரும்பும். "இட்" என்பது ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த ஒன்று, அதில் புதிதாக எதுவும் இல்லை. அதனால் அது நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது, "ஆஃப்" கடைசிக்கு வந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "புட்-இட்-ஆஃப்". "இட்" கிட்டத்தட்ட காணாமல் போய் "புட்டிட்டாஃப்" என்று ஒரே மூச்சில் வரும், "ஆஃப்"தான் ஓங்கி ஒலிக்கும். இதே காரணத்தால் பெயர்ச்சொல் நீளமாக இருந்தால் அது கடைசிக்குப் போய்விடும். "வீ புட் ஆஃப் த ரிவ்யூ மீட்டிங் வித் த ஃபைனான்ஸ் டீம்" சரியாக இருக்கிறது. அத்தனையையும் நடுவில் திணித்து, எப்போதோ ஒரு "ஆஃப்" வந்து சேர்ந்தால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும்.

தமிழிலும் இப்படிக் கூட்டாக நிற்கும் வினைகளுக்குள் சிறியதாக ஒன்று நுழைவது உண்டு. "தள்ளித்தானே போட்டோம், ரத்து பண்ணலையே" என்று சொல்லும்போது "தள்ளி"-க்கும் "போட்டோம்"-க்கும் நடுவில் "தானே" புகுந்துவிடுகிறது. நாம் அதை யோசித்துச் செய்வதில்லை. ஆங்கிலத்தில் அப்படி நுழைவது செயப்படுபொருள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாக் கூட்டு வினைகளுக்கும் நடுவில் இடம் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. "லுக் அட் இட்", "வெய்ட் ஃபார் தெம்", "டிபென்ட் ஆன் ஹிம்" போன்றவை பிரியாது. காதை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "லுக் அட் இட்" என்று சொல்லும்போது அழுத்தம் "லுக்" மேல் விழுகிறது, "அட்" அமுங்கிப்போகிறது. "புட் இட் ஆஃப்", "கால் இட் ஆஃப்", "டர்ன் இட் டவுன்" போன்றவற்றில் குட்டிச் சொல்தான் ஓங்குகிறது. குட்டிச் சொல் ஓங்கினால் "இட்" நடுவில், அமுங்கினால் "இட்" கடைசியில் என்பது பெரும்பாலும் கைகொடுக்கும். நூற்றுக்கு நூறு இல்லை. "கெட் ஓவர் இட்" என்பதில் "ஓவர்" ஓங்கினாலும் "இட்" கடைசியில்தான் வரும். சந்தேகம் வந்தால் அகராதியைப் பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து ஒரு சின்ன விஷயம், ஆனால் தப்பு நிறைய நடக்கும் இடம். ஒரு செயலைச் செய்வதைத் தள்ளிப்போடுவது என்றால் "இங்" வடிவம்தான் வரும். "ஐ புட் ஆஃப் காலிங் ஹிம்." "ஐ புட் ஆஃப் டு கால் ஹிம்" என்பது தப்பு. நடுவில் இடம் இருக்கிறதே என்று "புட் காலிங் ஹிம் ஆஃப்" என்று பிரித்தும் எழுத வேண்டாம். செயல் வரும்போது "புட் ஆஃப்" சேர்ந்தே இருக்கட்டும்.

எப்போதுக்குத் தள்ளிவைத்தோம் என்று சொல்ல "அன்டில்" அல்லது "டில்" போடுங்கள்: "இட் ஹாஸ் பீன் புட் ஆஃப் அன்டில் மண்டே". எவ்வளவு காலத்துக்கு என்றால் "ஃபார் எ வீக்". "டு மண்டே" என்றும் சிலர் சொல்கிறார்கள்தான், ஆனால் "அன்டில்" என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தேதி மாற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால் இதோடு ஒட்டிய ஒரு வம்பையும் சொல்லிவிடுகிறேன். தேதியை முன்னால் கொண்டுவந்தால் "ப்ரிபோன்" என்று எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். இந்திய ஆங்கிலத்தில் அது நன்றாகப் புழங்கும் சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேறு நாட்டு க்ளையன்டுக்கு அது புரியாமல் போகலாம். அவர்களுக்கு "ப்ரிங் ஃபார்வர்ட்" என்று எழுதுங்கள்: "கேன் வீ ப்ரிங் இட் ஃபார்வர்ட் டு தர்ஸ்டே?" பார்த்தீர்களா, இங்கேயும் "இட்" நடுவில்தான்.

ஆனால் "மூவ் ஃபார்வர்ட்" என்று எழுதிவிடாதீர்கள். புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் "மூவ்ட் ஃபார்வர்ட்" ஆகிவிட்டது என்றால் புதிய நாள் எது? ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களில் ஒரு பாதி திங்கள் என்பார்கள், மறுபாதி வெள்ளி என்பார்கள். லெரா பொரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை வைத்தே ஒரு ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டார்கள். விமான நிலையத்தில் யாரையோ அழைத்துப்போக வந்து நின்றவர்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தார்கள். அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளி என்றார்கள். தான் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கும் நினைப்பில் இருப்பவருக்கு "ஃபார்வர்ட்" என்றால் இன்னும் தள்ளி என்று படுகிறது. அவர்களுக்கே இந்த நிலைமை என்றால் நாம் எழுதும் மெயிலில் கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம். "புட் பேக்" என்பதும் லேசுப்பட்டதில்லை. மீட்டிங்கை ஒரு மணி நேரம் "புட் பேக்" செய்தால் பிந்திப் போகும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் "புட் பேக்" செய்தால் முந்தி வரும். இதற்கெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

தள்ளிவைப்பது ஒன்று, ரத்து செய்வது வேறு. ரத்துக்கு "கால் ஆஃப்". இரண்டிலும் "ஆஃப்" இருப்பதால் மாறிப்போகிறது. "புட் ஆஃப்" என்றால் வேறொரு நாள் நடக்கும். "கால்ட் ஆஃப்" என்றால் நடக்காது, கதை முடிந்தது. ஒருமுறை மாற்றி எழுதினால் நாலு பேர் வெட்டியாகக் காத்திருப்பார்கள், அல்லது நாலு பேர் வராமலே இருந்துவிடுவார்கள்.

இன்னொரு பழைய சறுக்கல்: "புட் ஆன்" என்றால் சட்டை போடுவது, அப்படியானால் கழற்றுவது "புட் ஆஃப்"தானே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். இல்லை, அது "டேக் ஆஃப்". விளக்கை அணைப்பதற்கு "புட் ஆஃப்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் "டர்ன் ஆஃப்", "ஸ்விட்ச் ஆஃப்" இரண்டும் எங்கும் செல்லும்.

இனி "போஸ்ட்போன்" கேள்வி. எல்லா இடத்திலும் அதையே எழுதினால் இலக்கணத் தப்பு வராது. க்ளையன்டுக்கு எழுதும் மெயிலில் நானே அதைத்தான், இல்லையென்றால் "ரீஷெட்யூல்" என்பதைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம் மரியாதை மட்டுமில்லை. "புட் ஆஃப்" என்பதில் ஒரு சின்ன உள்குத்து இருக்கிறது. செய்ய மனமில்லாமல் தட்டிக்கழிப்பது என்ற வாடை அதில் லேசாக அடிக்கும். "ஐ ஹாவ் பீன் புட்டிங் ஆஃப் த டென்டிஸ்ட்" என்றால், பல் டாக்டரிடம் போகப் பயந்து நாளைக் கடத்துகிறேன் என்று எல்லோருக்கும் புரியும். அதே வினையில் "வீ ஹாவ் புட் ஆஃப் யுவர் ப்ராஜெக்ட்" என்று க்ளையன்டுக்கு எழுதினால், உங்கள் வேலையைச் செய்ய எங்களுக்கு இஷ்டமில்லை என்பது போல ஒரு நெருடல் வரலாம். "போஸ்ட்போன்" அப்படி இல்லை, அது உணர்ச்சியே இல்லாத சொல். புதிய தேதி முடிவாகிவிட்டால் "ரீஷெட்யூல்" இன்னும் நல்லது, ஏனென்றால் அது தள்ளியதைவிட்டு அடுத்த தேதியைப் பற்றிப் பேசுகிறது.

ஆனால் சக ஊழியரோடு பேசும்போது "போஸ்ட்போன்" மட்டுமே வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. எதிரில் இருப்பவர் "லெட்ஸ் நாட் புட் இட் ஆஃப் எனி லாங்கர்" என்று சொல்லும்போது அது காதில் விழுந்த கணமே புரிய வேண்டும். அவர் தேதியை மாற்றுவது பற்றிப் பேசவில்லை, இனியும் சாக்குச் சொல்லாமல் செய்து முடிப்போம் என்கிறார். அந்தத் தொனியை "போஸ்ட்போன்" கொண்டுவராது.

உங்கள் குழு மெசேஜை இப்படி மாற்றலாம்: "டுடேஸ் மீட்டிங் வித் த க்ளையன்ட் ஹாஸ் பீன் புட் ஆஃப் அன்டில் மண்டே." க்ளையன்ட் வாக்கியத்தில் இருக்கிறார், ஆனால் "வித்"-க்குப் பின்னால் ஓரமாக. தள்ளப்பட்டது மீட்டிங் என்பது முதல் இரண்டு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. தேதி மாற்றச் சொன்னது க்ளையன்ட்தான் என்று சொல்ல வேண்டுமா? "த க்ளையன்ட் ஹாஸ் புட் ஆஃப் த மீட்டிங் அன்டில் மண்டே." இங்கே க்ளையன்ட் தள்ளியவர், மீட்டிங் தள்ளப்பட்டது. உங்கள் பழைய வாக்கியத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இஸ்" போய் "ஹாஸ்" வந்தது, "ஆஃப்" என்பதற்குப் பின்னால் "த மீட்டிங் அன்டில் மண்டே" வந்தது. மாறியது அவ்வளவுதான், ஆனால் மேலாளர் போனை எடுக்க மாட்டார். அதே சேதி க்ளையன்டின் நிறுவனத்துக்கே போவதாக இருந்தால்: "அஸ் அக்ரீட், அவர் மீட்டிங் ஹாஸ் பீன் ரீஷெட்யூல்ட் டு மண்டே அட் டென்." யார் தள்ளினார் என்ற பேச்சையே எடுக்கவில்லை, பாருங்கள். தேதி மாற்றச் சொன்னது அவர்கள் என்றால் அது அவர்களுக்கே தெரியும், நாம் ஏன் சொல்லிக்காட்ட வேண்டும்?

மனப்பாடப் பட்டியலை நான் வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம். ஐந்நூறு வினைக்கு ஐந்நூறு தமிழ்ச் சொல் தெரிந்தாலும், எந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பது அதில் இருக்காது. இதில் திணறுவது நீங்கள் மட்டுமில்லை. 1755-ல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வினையோடு குட்டிச் சொல் சேர்ந்து அர்த்தத்தை மாற்றும் இந்த வகைதான் அயல்நாட்டினருக்கு மிகப் பெரிய சிரமம் தருகிறது என்று எழுதி, "செட் அவுட்", "ப்ரேக் ஆஃப்" என்று உதாரணங்களும் அடுக்கியிருக்கிறார். அந்த இரண்டும் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன.

பட்டியலுக்குப் பதிலாக, உங்கள் இன்பாக்ஸிலேயே கண்ணில் படும் வினைகளை ஒவ்வொன்றாக எடுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். ஒவ்வொன்றையும் தனிச் சொல்லாக எழுதாமல், உங்கள் வேலையில் நிஜமாகவே நடந்த ஒன்றை வைத்து வாக்கியமாக எழுதுங்கள். பிறகு அந்தப் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு "இட்" போட்டு மறுபடி எழுதுங்கள். பிறகு செயப்பாட்டு வினையாகத் திருப்புங்கள். கடைசியாக, பொருள் இருந்த இடத்தில் ஒரு ஆளை வைத்துப் பார்த்து அர்த்தம் மாறுகிறதா என்று அகராதியில் தேடுங்கள். உங்களைச் சிக்கவைத்தது அந்தக் கடைசிப் படிதான், பலரும் செய்யாமல் விடுவதும் அதைத்தான். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். "புட் இட் ஆஃப்" நாக்குக்குப் பழகிவிட்டால் விதி ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே வராது, "புட் ஆஃப் இட்" என்பது தானாகவே காதில் உறுத்தும்.

அகராதி என்றேன் அல்லவா. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதியாகப் பாருங்கள், சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதியில் இது கிடைக்காது. அதில் "புட்" என்ற சொல்லுக்குக் கீழே ஃப்ரேசல் வெர்ப்கள் தனியாக இருக்கும். "புட் சம்திங் ஆஃப்", "புட் சம்படி ஆஃப்" என்று இடைவெளியையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள். "சம்திங்" என்றால் பொருள், "சம்படி" என்றால் ஆள். இரண்டுக்கும் தனித்தனியாக அர்த்தம் கொடுத்திருப்பார்கள். சில அகராதிகளில் அந்த இடத்தில் இரு பக்கமும் முனை உள்ள ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அந்த அம்பு இருந்தால் பெயர்ச்சொல்லை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம் என்று அர்த்தம். "லுக் ஆஃப்டர் சம்படி" என்று எழுதி அம்பு இல்லாமல் விட்டிருந்தால், பிரிக்க முடியாது. பலர் இந்த அம்பைக் கவனிக்காமலே நேராக அர்த்தத்துக்குப் போய்விடுகிறார்கள்.

"புட் ஆஃப்" கைவந்த பிறகு "கால் ஆஃப்", "ப்ரிங் ஃபார்வர்ட்", "செட் அப்" மூன்றையும் இதே மாதிரி எழுதிப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் வேலையில் மீட்டிங் வைப்பதும் மாற்றுவதும் ரத்து செய்வதும் தினமும் இருக்கும், அதற்கு இந்த நான்கும் போதும். பட்டியலில் மிச்சம் இருக்கும் நானூற்றுத் தொண்ணூற்றாறில் உங்களுக்குத் தேவையானவை எப்படியும் யாராவது ஒருவர் மெயிலில் வந்து சேர்ந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.